தகரத் தளபதியின் மேல் ஒரு கறை

நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து.

மாடிப்படிக்குக் கீழே, சுவரில், துணிக்குக் குறி போடும் சாக்கட்டியால் எழுதியிருந்தது. யார் யாருக்குத் தர வேண்டும் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் கட்டிடத்தில் மாடி ஒன்றுதான். மாடியில் குடியிருந்த துப்பறியும் நிறுவனமும் ஒன்றுதான். எழுதிய கை கீழே இருந்த லாண்டரிக்குச் சொந்தக்காரியுடையது என்பதைக் கண்டுபிடிக்க, நல்லவேளையாக, துப்பறியும் நிறுவனம் தேவைப்படவில்லை.

நிறுவனத்தில் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் துப்பறிவாளர். ஊரில் அவரைப் பூதக்கண்ணாடி என்பார்கள். அவரிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது, அதன் நடுவில் ஒரு விரிசலும் இருந்தது. அதில் பார்த்தால் எதுவும் இரண்டாகத் தெரியும். அதனால்தான் எந்த வழக்கை எடுத்தாலும் இரண்டு குற்றவாளிகளைக் கண்டுபிடித்து இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிறார் என்று சொல்வான் இன்னொரு ஆள். இன்னொரு ஆள் அவருடைய மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. வயது முப்பத்தெட்டு. உத்தியோகம், உதவியாளர். சம்பளம், "அப்புறம் பாத்துக்கலாம் மாப்ளே."

மச்சினன் படி ஏறும்போதெல்லாம் முகத்தை எதிர்ப்பக்கச் சுவருக்குத் திருப்பிக்கொள்வான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஒரு மின்சாரப் பெட்டி, அதன் மேல் அபாயக் குறியாக வரைந்த ஒரு மண்டை ஓடு. கடனைப் பார்ப்பதைவிட மண்டை ஓட்டைப் பார்ப்பது மனசுக்கு இதமாக இருந்தது.

அன்று காலையும் அப்படித்தான் மண்டை ஓட்டுக்கு வணக்கம் வைத்துக்கொண்டு ஏறினான்.

"மாடி! நில்லு."

லாண்டரி அக்காவின் குரல். மச்சினன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான்.

"அக்கா, இந்த வாரம் ஒரு பெரிய கேஸு வருது. வந்ததும் மொத வேலை..."

"வாடகை கேக்கலடா. இறங்கி வா. உங்க மாமா நெசமாவே எதையாவது கண்டுபிடிப்பாரா, இல்ல போர்டு மட்டும்தானா?"

"போர்டுக்கே இன்னும் காசு குடுக்கலக்கா."

அக்கா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் அவள் கண் சிவந்திருப்பதை மச்சினன் பார்த்தான். லாண்டரியில் சோடா வாடைக்குக் கண் சிவப்பது சகஜம். ஆனால் சோடாவுக்குக் கண் சிவந்தால் மூக்கை முந்தானையால் துடைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவன் மாடிக்கு ஓடினான். துப்பறிவாளர் மேஜை மேல் காலை நீட்டி, சென்ற வழக்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். அது காணாமல் போன சைக்கிள் மணி வழக்கு. மணி கிடைத்துவிட்டது. மணியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் சைக்கிள் போய்விட்டது.

"மாமா, கீழ கேஸு."

"கீழன்னா? வாடகையா?"

"இல்ல. அழுகை."

*

லாண்டரியின் உள்ளறையில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அக்கா சாவியைத் திருப்பி அதிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்து இஸ்திரி மேஜை மேல் வைத்தாள். மேஜையின் மறுபக்கம் இஸ்திரிக்காரப் பெரியவர் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தின் பெயர் 'தகரத் தளபதி', முதல் இதழ். அட்டையில் தகரத்தால் செய்த ஆள் ஒருவன் ஒரு கையால் ரயிலை நிறுத்திக்கொண்டிருந்தான். அவன் முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் கறை பிடித்திருந்தது.

"என் தம்பியோடது. விலை ரெண்டு லட்சமாம்" என்றாள் அக்கா.

மச்சினன் புத்தகத்தைப் புரட்டி விலை போட்டிருக்கிற இடத்தைப் பார்த்தான். "இதுல ஒண்ணரைன்னு இருக்கே."

"அது அப்போ. இப்போ இந்தப் புத்தகம் கெடைக்கறதில்லையாம். சின்னப் புள்ளையில அவன் வாங்கினது. அந்தத் தகரப் பயல் மேல அப்படி ஒரு பைத்தியம். எங்க கட்டிலுக்கு எதிர் சுவத்துல அவன் படத்தைப் பெருசா ஒட்டி வெச்சிருப்பான். ராத்திரி முழிச்சா என்னையே மொறைக்கும். போர்வையை இழுத்து மூடிக்கிட்டுக் கெடப்பேன்."

"சரி, கறை எப்படிக்கா வந்துச்சு?" என்றார் துப்பறிவாளர்.

"அது தெரிஞ்சா உங்களை எதுக்குக் கூப்பிடறேன்?"

விஷயம் இதுதான். தம்பி, போன வாரம், பழுப்புக் காகிதத்தில் சுற்றி டேப் ஒட்டிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். என் வீட்டில் ஈரம், உன் இரும்பு அலமாரியில் இருக்கட்டும், பிரிக்காதே, காற்று பட்டாலே விலை குறையும் என்று சொல்லியிருக்கிறான். நேற்று வந்து பொட்டலத்தைப் பிரித்தான். கறை. தெருவே கூடுகிற மாதிரி கத்தினான். கடை அப்பா வைத்துவிட்டுப் போனது, இரண்டு பேர் பேரிலும் பாதிப் பாதி இருந்தது. இரண்டு லட்சம் தர முடியாதென்றால் உன் பாதியை எழுதிக் கொடு என்றான். இன்று சாயங்காலம் பத்திர எழுத்தரோடு வருகிறான்.

"அவன் கைக்குப் போனா மறுநாளே இடிச்சிட்டு வண்டி நிறுத்த விட்டுடுவான். எனக்கும் இடமில்ல, பெரியவருக்கும் வேலையில்ல" என்ற அக்கா, நிறுவனத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சும் விட்டாள். "உங்களுக்கும் மாடியில்ல. நான் வாடகைதான் கேக்கறேன். அவன் காலி பண்ணச் சொல்லுவான்."

மச்சினனுக்கு அப்போதுதான் வழக்கின் தீவிரம் புரிந்தது. பாக்கி வைத்தால் சுவரில் மட்டும் எழுதுகிற வீட்டுக்காரி இந்த உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

"நீங்க ஏன்க்கா ஒத்துக்கறீங்க? நான் பண்ணலன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார் துப்பறிவாளர்.

அக்கா அலமாரிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். பெரியவர் தேய்த்த காலரையே மறுபடி தேய்த்தார்.

துப்பறிவாளர் பூதக்கண்ணாடியை எடுத்தார். எடுத்ததும் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததும் ஒரு கனைப்பு கனைத்தார். இந்த மூன்றுக்கும் தனியாகக் கட்டணம் வாங்கலாம் என்று மச்சினன் பலமுறை யோசனை சொல்லியிருக்கிறான்.

"டீ இல்ல" என்றார். "டீயா இருந்தா முழுக்கப் பழுப்பா இருக்கும், வாடையும் வரும். எண்ணெயும் இல்ல. எண்ணெய்னா வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா அந்தப்பக்கம் தெரியும். இது பாரு மாப்ளே, உள்ள வெளுத்திருக்கு, ஓரத்துல மட்டும் பழுப்புக் கோடு, வரப்பு மாதிரி. இது வெறும் தண்ணி. தண்ணி பேப்பருக்குள்ள போகும்போது அதுல இருக்கற அழுக்கையெல்லாம் தள்ளிக்கிட்டே போகும். எங்க காயுதோ அங்க எறக்கி வெச்சுட்டுப் போயிடும்."

"எறக்குகூலி கேக்காம எறக்கி வெச்சிருக்கே, நல்ல தண்ணிதான்."

"அட, பிரமாதம்" என்றாள் அக்கா. "லாண்டரியில தண்ணி இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டீங்க. நாளைக்கு அடுப்புல நெருப்பு இருக்கறதையும் கண்டுபிடிங்க."

துப்பறிவாளர் அதைக் காதில் வாங்காமல் அட்டையை மூக்கருகே கொண்டுபோனார். உடனே இரண்டு தும்மல். பிறகு அட்டை மேல் விரலை ஓட்டி, விரலைப் பார்த்தார். வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இது முகத்துக்குப் போடற பவுடர். அட்டையும் பளபளன்னு தட்டையா இருக்கு. சூடு காட்டியிருக்காங்க. தகரத் தளபதி முகத்துக்குப் பவுடர் போட்டுக்கற ஆளா?"

பெரியவர் இஸ்திரிப் பெட்டியைத் தாங்கியில் வைத்தார்.

"சொல்லிடும்மா" என்றார். "இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பிரிச்சுப் பாத்தேன்" என்றாள் மெதுவாக. "அவன் குடுத்து ரெண்டு நாள் கழிச்சு. அந்த மூஞ்சியை ஒரு தடவை பாக்கணும்னு தோணிச்சு. சின்னப் புள்ளையில பயந்தோமே, இப்பவும் பயமா இருக்கான்னு. பிரிச்சா, அட்டையிலயே கறை. நெஞ்சு நின்னு போச்சு. என் ஈரக்கை பட்டுடுச்சோ, நீராவி உள்ள புகுந்துடுச்சோன்னு என்னென்னமோ நெனச்சேன். துணியில கறைன்னா என்ன பண்ணுவோம்? பவுடரைப் போட்டு, மேல ஒரு பேப்பரை வெச்சு, லேசா தேச்சேன். கறை போகல. பவுடர்தான் போச்சு. திரும்ப அப்படியே சுத்தி ஒட்டி வெச்சிட்டேன்."

"உள்ள பொரட்டிப் பாத்தீங்களா?"

"அட்டையைப் பாத்ததுக்கே இந்தக் கதி. உள்ள வேறயா?"

உலகத்தில் வேறு யாராவது என்றால் கறையைப் பார்த்ததும் கத்தியிருப்பார்கள். லாண்டரிக்காரியாக இருந்ததால் வெளுக்கப் பார்த்தாள். வெளுக்கப் பார்த்ததால் குற்றவாளியாகிவிட்டாள். கட்சிக்காரியே பொய் சொன்னது நிறுவனத்தின் வரலாற்றில் முதல் தடவை இல்லை. ஆனால் கட்சிக்காரியின் பொய்யைத் துப்பறிவாளர் கண்டுபிடித்தது முதல் தடவை. மச்சினன் அவரைப் புது மரியாதையோடு பார்த்தான். அந்த மரியாதை வெகுநேரம் நிற்கவில்லை.

"அப்ப நீங்கதான் கறை பண்ணினீங்களா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"அதைத்தானய்யா நான் உங்களைக் கேக்கறேன்!"

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே தம்பி உள்ளே வந்தான். கையில் வெள்ளைப் பருத்தி உறை. அபூர்வ இதழ்களைத் தொடுகிறவன் வெறுங்கையால் கதவைக்கூடத் தொட மாட்டானாம். கைக்கு உறை போட்டிருந்தானே தவிர வாய்க்கு ஒன்றும் போடவில்லை.

"இவங்க யாருக்கா? கறையைப் பாக்க டிக்கெட் போட்டுட்டியா?"

"மாடியில குடியிருக்காங்கடா."

"ஓ, அந்தச் சுவத்துக் கணக்கா!" தம்பி புத்தகத்தைப் பார்த்தான். "அதை ஏன் வெளிய எடுத்தே? என்கிட்டக் குடு. நானே வெச்சுக்கறேன்."

"சாயங்காலம் கையெழுத்துப் போட்டதும் எடுத்துக்கோ" என்றாள் அக்கா. "ரெண்டு லட்சம் குடுக்கப்போறவ ஒரு நாளாவது வெச்சுப் பாக்கறேன்."

தம்பி கொஞ்சம் யோசித்தான். "சரி. ஆனா யாரும் தொறக்கக் கூடாது. முக்கியமா நடுப்பக்கம். பின்னு தளர்ந்துடும்."

"கெட்டுப்போன புத்தகத்துல பின்னு இறுக்கமா இருந்தா என்ன, தளர்ந்தா என்ன தம்பி?" என்றான் மச்சினன்.

"உங்களுக்கெல்லாம் சொன்னாப் புரியாது" என்று சொல்லிவிட்டுத் தம்பி வண்டியைக் கிளப்பினான். விஷயம் தெரிந்தவர்கள் கேள்விக்குப் பதில் இல்லாதபோது சொல்வது எப்போதும் அதைத்தான்.

*

கடைவீதியின் கோடியில் ஒரு பழைய புத்தகக் கடை. அக்காவிடம் புத்தகத்தை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் அங்கே போனார்கள். கடைக்காரரைத் தூசி என்பார்கள். அவர் சட்டை எந்த நிறத்தில் தைத்தது என்று அவருக்கே மறந்துவிட்டது. கறை பிடித்த காகிதத்தோடு யார் வந்தாலும், நோயாளியைப் பார்க்கிற டாக்டர் மாதிரி முதலில் உதட்டைப் பிதுக்குவார்.

பிதுக்கினார்.

"தண்ணி. கீழ்மூலையில இருந்து மேல ஏறியிருக்கு. நிக்க வெச்சிருந்த எடத்துல தண்ணி தேங்கியிருக்கும். இது என்ன, பவுடரா? யாருக்குக் கல் மனசு?"

"கறையைப் போக்க முடியுமா?" என்றார் துப்பறிவாளர்.

"தாராளமா. கூடவே பேப்பரும் போயிடும்." தூசி விரலை மடக்கினார். "விரல் அழுக்குன்னா நல்ல ரப்பரைப் பொடி பண்ணித் தூவி உருட்டி எடுக்கலாம். எண்ணெய்னா பவுடர் கொஞ்சம் உறிஞ்சும். பின்னு துருன்னா பின்னைக் கழட்டிட்டு அதோட விட்டுடணும். பூஞ்சைன்னா மத்த புத்தகத்துக்கிட்டயே சேக்கக் கூடாது. தண்ணிக் கறைக்கு ஒரே வைத்தியம்தான்."

"என்ன?"

"பழகிக்கறது."

"எப்ப பட்ட கறைன்னு சொல்ல முடியுமா?"

"முடியும்னு சொல்றவன் உங்ககிட்டக் காசு புடுங்கப் பாக்கறான்."

துப்பறிவாளர் முகம் தொங்கிப்போனது. அவரிடம் இருந்த ஒரே தடயம் அந்தக் கறைதான். அதுவும் வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டது. அவர் பக்கத்தில் கிடந்த பத்திரிகைகளைப் பூதக்கண்ணாடியால் பார்க்க ஆரம்பித்தார். யோசிக்கிறார் என்று அர்த்தம். அல்லது யோசிக்க ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

மச்சினன் ஒரு புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்து தகரத் தளபதியைப் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் புத்தகத்தின் விலையைப் பற்றி இரண்டு நாளாக ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். படிக்க வேண்டும் என்று தோன்றியது அவன் ஒருவனுக்குத்தான்.

"சே!" என்றான் சத்தமாக.

"என்ன மாப்ளே?"

"வில்லன் பட்டனை அமுக்கப் போறான் மாமா. பாலம் வெடிக்கப்போவுது. பக்கத்தைத் திருப்பினா நடுவுல ஒரு போஸ்டர். கதையைக் கெடுத்துட்டானுங்க. அதுவும் பாருங்க, முன்னாடி பக்கமெல்லாம் மொடமொடன்னு காஞ்ச தோல் மாதிரி இருக்கு. இது மட்டும் வெளுத்து மடிச்ச வேட்டி மாதிரி வழுவழுன்னு..."

சொல்லி முடிப்பதற்குள் புத்தகம் அவன் கையில் இல்லை.

துப்பறிவாளர் போஸ்டருக்கு முந்தைய பக்கத்தைப் பார்த்தார். கறை. அடுத்த பக்கத்தைப் பார்த்தார். அதே கறை, அதே வளைவு, அதே வரப்பு. இரண்டுக்கும் நடுவில் போஸ்டர். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். போஸ்டர் இரண்டாகத் தெரிந்தது. இரண்டிலும் ஒரு பொட்டுக் கறை இல்லை.

"மாப்ளே, தண்ணி இந்தப் பக்கம் வரைக்கும் வந்திருக்கு. அப்புறம் நடுவுல இருக்கற தாளைத் தொடாம எகிறிக் குதிச்சு, அந்தப் பக்கத்துல போயி எறங்கியிருக்கு."

"தளபதி பறக்கற ஆளாச்சே மாமா. தண்ணியும் அவர்கிட்டக் கத்துக்கிட்டிருக்கும்."

"தண்ணி பறக்காது. தண்ணி வந்தப்ப இந்தத் தாள் இங்க இல்ல!"

தூசி எட்டிப் பார்த்தார். அவர் உதடு இந்த முறை பிதுங்கவில்லை. குவிந்தது.

"அட, போஸ்டரோட இருக்கா? இந்த இதழ் முழுசாக் கெடைக்கவே கெடைக்காதே. அந்தப் போஸ்டரைப் பிச்சு சுவத்துல ஒட்டாத பையன் எவன்? போஸ்டர் இல்லாத பிரதின்னா எடைக்குத்தான் போடணும், கறை இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். என்கிட்ட தனியா ஒரே ஒரு போஸ்டர் இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

"வாடகைக்குப் போயிருக்கு."

"போஸ்டரைக்கூடவா வாடகைக்கு விடறீங்க?" என்றான் மச்சினன். வாடகை என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு மண்டை ஓடு ஞாபகம் வந்தது.

"விக்க மாட்டேன்னேன். கண்ணாடிச் சட்டம் போட அளவெடுத்துட்டுத் தரேன்னு ஒருத்தர் கெஞ்சினார். பெரிய முன்பணமா வாங்கிட்டுத்தான் குடுத்தேன். ஒரு பொட்டுக் கறை பட்டாலும் முன்பணம் திரும்பாதுன்னு கறாராச் சொல்லிட்டேன். நாளைக்குத் திருப்பணும்."

"ஆள் எப்படி இருந்தார்?"

"ஹெல்மெட் மாதிரி இருந்தார். கடைசி வரைக்கும் அதைக் கழட்டவே இல்ல."

"இது உங்க போஸ்டர்தானான்னு சொல்ல முடியுமா? ஏதாவது குறி போட்டிருப்பீங்களே?"

"குறி போட்டா அதுவும் கறைதானேய்யா" என்றார் தூசி. "எந்தக் கடைக்காரன் தன் சரக்கைத் தானே கெடுப்பான்?"

திரும்பி நடக்கும்போது மச்சினன் துள்ளிக்கொண்டே வந்தான்.

"ஆளு தெரிஞ்சுபோச்சு மாமா! தம்பிதான்."

"தெரிஞ்சு என்ன பண்ண? ஹெல்மெட் போட்டவன் ஊர்ல ஆயிரம் பேரு. போஸ்டர்ல அடையாளமும் இல்ல. அவன் வாயால வரணும் மாப்ளே."

"அவன் வாயில இருந்துதான் எப்பவும் ஏதாவது வந்துக்கிட்டே இருக்கே."

"அதுதான் நமக்கு இருக்கற ஒரே நம்பிக்கை."

*

சாயங்காலம் பத்திர எழுத்தர் வந்தார். வந்ததும் நாற்காலி கேட்டார், மின்விசிறி கேட்டார், பிறகு கூலியை முன்கூட்டியே கேட்டார். தம்பி வெள்ளை உறையோடு நின்றுகொண்டிருந்தான். அக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். துணிக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணம் இஸ்திரி மேஜை மேல் இருந்தது. அதன் பக்கத்தில் தகரத் தளபதி.

"ஒரு நிமிஷம்" என்றார் துப்பறிவாளர். "அக்கா, சின்னப் புள்ளையில சுவத்துல ஒரு படம் ஒட்டியிருந்துச்சுன்னீங்களே. அது எங்க இருந்து வந்துச்சு?"

"எங்க இருந்து வரும்? புத்தகத்து நடுவுல இருந்து பிச்சு ஒட்டினான். சுவத்துல கோந்து புடிச்சுக்கிச்சுன்னு அப்பாகிட்ட அடி வாங்கினானே."

துப்பறிவாளர் நடுப்பக்கத்தை விரித்தார். தகரத் தளபதி முழு உருவத்தில் இடுப்பில் கைவைத்து முறைத்தான்.

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "இவனேதான்! இவன் எப்படி இங்க திரும்பி வந்தான்?"

தம்பி ஒரு நொடி விழித்தான். ஒரே நொடிதான். "அது வேற புத்தகம்க்கா. அப்பவே நான் ரெண்டு வாங்கினேன். ஒண்ணு ஒட்டறதுக்கு, ஒண்ணு வெச்சுக்கறதுக்கு."

"ஒண்ணு வாங்கவே என் உண்டியலை ஒடைச்சியேடா!"

"அது உனக்குத் தெரியாது."

"சரி, ரெண்டு வாங்கினீங்க" என்றார் துப்பறிவாளர். "முன்னாடி பக்கம் கறை, பின்னாடி பக்கம் கறை. போஸ்டர்ல மட்டும் ஏன் இல்ல?"

தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பில் நிறுவனத்தின் மூன்று மாத வாடகைப் பாக்கியும் தெரிந்தது. "இதுக்குத்தான் விஷயம் தெரியாதவங்க பேசக் கூடாதுங்கறது. போஸ்டர் மேல பூச்சு இருக்கு சார். மழையில போட்டாலும் தண்ணி எறங்காது. மத்த பக்கம் சாதாப் பேப்பர். போதுமா?"

பத்திர எழுத்தர் தலையாட்டினார். அவருக்கு நாற்காலி கொடுத்தால் யார் சொன்னாலும் தலையாட்டுவார். பெரியவர் தோள் இன்னும் தாழ்ந்தது. மச்சினன் மாமாவைப் பார்த்தான். மாமாவின் முகத்தில், சைக்கிள் காணாமல் போன அன்று இருந்த அதே முகபாவம். போச்சு, என்று நினைத்தான். இனி மண்டை ஓட்டையும் பார்க்க முடியாது.

"பூச்சா?" என்றார் துப்பறிவாளர் பணிவாக. "அப்ப சரி. எனக்குத்தான் தெரியல. மன்னிச்சுக்குங்க தம்பி." சொல்லிக்கொண்டே கிண்ணத்தில் விரலை முக்கி எடுத்தார். விரல் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. விரலை அப்படியே போஸ்டருக்கு மேலே கொண்டுவந்தார்.

"என்ன பண்றீங்க?" என்றான் தம்பி.

"பூச்சை ஒரு தடவை கண்ணால பாத்துக்கறேன். தண்ணிதான் எறங்காதே."

"வேண்டாம்!"

"புத்தகம்தான் கெட்டுப்போச்சே தம்பி. ரெண்டு லட்சம் போன புத்தகத்துக்கு இன்னும் ஒரு சொட்டால என்ன ஆகிடப்போவுது?"

"அது மேல வேண்டாம்! எடுங்க கையை!"

"ஏன்?"

"அது என்னுது இல்லய்யா!" என்று கத்திக்கொண்டே தம்பி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

பிடித்த வேகத்தில் சொட்டு விழுந்தது.

தகரத் தளபதியின் மூக்கு மேல் விழுந்தது. விழுந்த சொட்டு நிற்கவில்லை, உருளவில்லை. வேலை முடிந்து வந்தவன் தண்ணீர் குடிக்கிற மாதிரி, காகிதம் அதை ஒரே மூச்சில் குடித்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்கு கறுத்து, ஈரம் கன்னம் வரைக்கும் பரவியது.

"பூச்சு நல்லாவே குடிக்குதே" என்றான் மச்சினன்.

பத்திர எழுத்தர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"உன்னுது இல்லன்னா யாருது?" என்றாள் அக்கா.

தம்பி வெள்ளை உறையைக் கழற்றினான். உறை இல்லாமல் அவன் கை எல்லார் கையையும் போலத்தான் இருந்தது.

"அவரு சொல்லலன்னா நான் சொல்றேன்க்கா" என்றார் துப்பறிவாளர். அவருக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். இந்த இடம் வரைக்கும் அவர் வந்ததுதான் அபூர்வம். "புத்தகம் உங்க தம்பி வீட்டுலயே நனைஞ்சுபோச்சு. போஸ்டரும் எப்பவோ சுவத்துக்குப் போயிடுச்சு. போஸ்டர் இல்லாத புத்தகத்துக்கு எடைக்குப் போடற விலைதான். அதை வெச்சு உங்ககிட்ட ரெண்டு லட்சம் கேட்டா, வெவரம் தெரிஞ்சவன் யாராவது சிரிப்பான். அதனால ஒரு போஸ்டரை வாடகைக்கு எடுத்து நடுவுல சொருகி முழுசாக்கினாரு. சொருகாம விட்டிருந்தா எவனாலயும் எதையும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. எல்லாப் பக்கமும் ஒரே கறையா, அழகா இருந்திருக்கும்."

"கூரை ஒழுகுதுக்கா" என்றான் தம்பி. தரையைப் பார்த்துச் சொன்னான். "ஒரு ரூம் பூரா ஒழுகுது. புத்தகம் எல்லாமே போச்சு. இது மட்டும் இல்ல, எல்லாமே. இத்தனை வருஷமாச் சேத்தது."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா காசு குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன்" என்றாள் அக்கா. "மொதல்ல நல்லாத் திட்டியிருப்பேன். அப்புறம்தான் குடுத்திருப்பேன். அந்தத் திட்டுக்குப் பயந்துக்கிட்டு என் கடையைக் கேக்க வந்தியாடா? ஒரு வாரமா நான் தூங்கலடா! நான்தான் பண்ணினேன்னு நெனச்சு, அந்தச் சனியன் புடிச்ச தகரத்துக்குப் பவுடர் போட்டு இஸ்திரி போட்டேன்டா!"

"இஸ்திரி போட்டியா?" தம்பி நிமிர்ந்தான். அவ்வளவு நேரம் வராத கண்ணீர் அப்போதுதான் அவன் கண்ணில் வந்தது. "முதல் இதழுக்கா?"

"வெளிய போடா!"

அவன் போனான். போகிறவன் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனான், மூக்கு கறுத்த தளபதியோடு. தூசியிடம் கொடுத்த முன்பணம் இனித் திரும்பாது. வாசலில் அக்கா கூப்பிட்டு, "நாளைக்கு ஓடு மாத்தற ஆளைக் கூட்டிக்கிட்டு வா. எவ்வளவு ஆகும்னு கேக்கலாம். திட்டு இன்னும் பாக்கி இருக்கு, அதையும் வந்து வாங்கிக்கோ" என்றாள்.

"என் கூலி?" என்றார் பத்திர எழுத்தர்.

"நாற்காலியில உக்காந்ததுக்கா?" என்றான் மச்சினன். "மின்விசிறியோட சேத்து நீங்கதான் தரணும்."

பெரியவர் இஸ்திரிப் பெட்டியைத் திரும்ப எடுத்தார். அந்தக் காலரை அன்று நாலாவது தடவையாகத் தேய்த்தார். இந்த முறை வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு.

அக்கா ஈரத்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனாள். நிறுவனம் மொத்தமும் பின்னாலேயே போனது. அவள் சுவரில் எழுதியிருந்ததை ஒரு தடவை படித்தாள். பிறகு அழுத்தித் துடைத்தாள். நாலும் போனது, மூன்றும் போனது, பத்தும் போனது.

"கணக்கு தீந்துச்சு" என்றாள். "அடுத்த மாசத்துல இருந்து ஒழுங்கா இருங்க." துணியை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர் காய்ந்தது. காயக் காய, துடைத்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு எழும்பியது. சாக்கட்டி முழுவதையும் தண்ணீர் தள்ளிக்கொண்டு போய், ஓரத்தில் வரப்பு கட்டி இறக்கி வைத்திருந்தது. உள்ளே வெறும் சுவர்.

"மாமா, ஒரு துணி குடுங்க. இந்தக் கறையையும் துடைச்சு விட்டுடறேன்."

"தொடாதே மாப்ளே" என்றார் துப்பறிவாளர். "அதுதான் நமக்கு ரசீது."